உன் அட்டையில் நான் காலியாக விட்ட கட்டம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே நலம் என்று தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நான் நலம், அவளும் நலம், 'நாங்கள்'தான் கொஞ்சம் நலமில்லை. தட்டை வைக்கிறாள், களியைப் போடுகிறாள், கீரைக் குழம்பை ஊற்றுகிறாள், அடுப்படிக்குப் போய்விடுகிறாள். இன்னொரு உருண்டை வேண்டுமா என்றுகூடக் கேட்பதில்லை. இதற்கெல்லாம் காரணம் நீ எழுதிய கடிதம். இல்லை, அப்படி எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். காரணம் நான்தான். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ராஜஸ்தானிலிருந்து வரும் உன் உறைகளில் எப்போதும் கொஞ்சம் மணல் இருக்கும். அம்மா உறையைக் கவிழ்த்துத் தட்டி, "பாருங்க, புள்ள மண்ணுலயே கெடக்குது" என்பாள். மூன்று வாரத்துக்கு முன் வந்த உறையில் மணலோடு ஒரு பெரிய சேதியும் இருந்தது. நீ படித்த பல்கலைக்கழகத்தில், மண்ணையும் நீரையும் காட்டையும் காப்பது பற்றிய உன் படிப்பை மூடிவிடலாமா என்று பேசுகிறார்கள். படித்து முடித்தவர்களுக்கு வேலை கிடைப்பதில்லை, அதனால் சேர வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். உன் பேராசிரியை மட்டும், மூட வேண்டாம், வேலையோடு சேர்த்து மாற்றி அமைக்கலாம் என்கிறார். அந்தப் படிப்பை வைத்தே சோறு தின்கிறவள் என்பதால் உன்னிடம் ஒரு குறிப்பு கேட்டிருக்கிறார். நீ என்னிடம் கேட்கிறாய். "அப்பா, இருபத்தெட்டு வருஷம் வேலைவாய்ப்பு ஆபீஸ் கவுண்டர்ல உக்காந்தவர் நீங்க. புரொபசர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்" என்று எழுதி, கீழே நாலு கேள்வி போட்டிருந்தாய்.

அந்தக் கடிதத்தை நான் ஆபீசில் எல்லாருக்கும் காட்டினேன். டீக்கடைக்காரருக்கும் காட்டினேன். பல்கலைக்கழகம் என்னிடம் யோசனை கேட்கிறது என்று சொல்லிக்கொண்டேன். முதல் மூன்றும், படித்தவர்களுக்கு ஏன் வேலை கிடைப்பதில்லை என்பதைப் பற்றியவை. அவற்றுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிட்டேன். நாலாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. "எங்க படிப்புப் படிச்சவங்க வேணும்னு கேட்டு உங்க ஆபீசுக்கு எத்தன தடவ லெட்டர் வந்திருக்கு?"

வரவே இல்லை என்று எழுதியிருக்கலாம். உனக்குச் சந்தேகமே வராது. வருஷக்கணக்கில் நான் உன்னிடம் சொல்லி வந்ததும் அதுதான். ஆனால் ஒரு தடவை வந்தது, கண்ணு. நீ இங்கே, இந்த வீட்டில் இருந்தபோது வந்தது. அது உன் கைக்கு வராமல் போனதற்கு நான் காரணம். வரவே இல்லை என்று இப்போதும் எழுதினால், உன் படிப்பை மூடச் சொல்கிறவர்கள் கையில் நானே பூட்டை எடுத்துக் கொடுத்தவனாவேன். ஒரு முறை உனக்குக் கெடுதல் செய்தது போதும்.

எங்கள் ஆபீஸ் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் உன் பேராசிரியைக்கு நீ இதைப் படித்துக் காட்டக்கூடும் என்பதால் சொல்கிறேன். படித்து முடித்து வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. பெயர், பிறந்த தேதி, படிப்பு, கடைசியில் 'இதர தகுதிகள்' என்று ஒரு கட்டம். ஒவ்வொரு படிப்புக்கும் புத்தகத்தில் ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்குரிய டிராயரில் அட்டை போய் உட்காரும். ஆள் வேண்டும் என்று ஓர் இடத்திலிருந்து கடிதம் வந்தால், அந்த டிராயரைத் திறந்து, முதலில் பதிந்தவர் முதலில் என்று அட்டைகளை எடுத்துப் பட்டியல் போட்டு அனுப்புவோம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தது 'லைவ்' கார்டு. தவறவிட்டதை நாங்கள் கொஞ்சமும் கூசாமல் 'செத்த கார்டு' என்போம்.

உனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளிக்கூட லீவில் எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்தவள், சுவர் முழுக்க இருந்த டிராயர்களைப் பார்த்து, "இதுக்குள்ள எத்தன பேருப்பா இருக்காங்க?" என்று கேட்டாய். ஜில்லாவே இருக்கிறது என்றேன். "மூச்சு முட்டாதா?" என்றாய். ஆபீசே சிரித்தது. ரொம்ப நாள் அதை எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். அன்றைக்கு நீ கேட்டது சிரிக்கிற விஷயமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கவுண்டரில் நான் எல்லாரிடமும் கேட்கிற முதல் கேள்வி, "என்னப்பா தெரியும்?" என்பது. பதில் எப்போதும் ஒன்றுதான். "பி.எஸ்சி.ங்க." பி.எஸ்சி. படிச்சிருக்கே, சரி, என்ன தெரியும்? "பி.எஸ்சி.தாங்க தெரியும்." பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து வந்து வரிசையில் நிற்கிற பிள்ளைகள். சட்டைப் பையில் அப்பன் கொடுத்த பேனா. மூன்று வருஷம் படித்ததில் கையால் என்ன செய்ய வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. ஓசூரில் ஃபேக்டரிகள் வரிசையாக வந்தபோது அங்கிருந்து கேட்டதெல்லாம் இதுதான்: என்ன செய்யத் தெரிந்த ஆள் இருக்கிறான்? எங்கள் டிராயரில் இருந்ததோ, என்ன படித்தவன் என்ற விவரம் மட்டும். அந்த 'இதர தகுதிகள்' கட்டம் நூற்றுக்குத் தொண்ணூறு அட்டையில் காலியாகத்தான் இருக்கும். மிச்சத்தில் டைப்ரைட்டிங் லோயர் என்றிருக்கும். உன் முதல் மூன்று கேள்விக்கும் சுருக்கமான பதில் இதுவே.

நீ அந்தப் படிப்பில் சேர்ந்தபோது நம் வீட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். கடத்தூரிலிருந்து உன் சித்தப்பா அதற்கென்றே வந்தான். கிணறு வற்றி, பாதி நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்த கடுப்பு வேறு அவனுக்கு. "மண்ணுல எறங்க வேணாம்னுதானே உன்ன அப்பா படிக்க வெச்சாரு? நீ புள்ளயப் படிக்க வெச்சுத் திரும்ப மண்ணுக்கே அனுப்பறியா? இதுக்கு எம்.எஸ்சி. எதுக்கு, எங்கூட வரச் சொல்லு, ஏர் ஓட்டக் கத்துக்குடுக்கறேன்" என்றான். நீ சிரித்துக்கொண்டே, "ஏர் ஓட்டத் தெரியும் சித்தப்பா. ஓட்டின மண்ணு ஓடிப் போகாம நிறுத்தத்தான் படிக்கப் போறேன்" என்றாய். நான் வெளியே உன் பக்கம் பேசினேன். உள்ளுக்குள் அவன் பக்கம்தான் இருந்தேன். நம் குடும்பத்தில் பேனா பிடித்துச் சம்பாதித்த முதல் கை என்னுடையது. என் மகள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அதுவும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிற தூரத்தில். ஆசை என்றால் இவ்வளவுதான்.

படிப்பின் கடைசியில் ஒரு பருவம் வத்தல்மலையில் தங்கி வேலை செய்தாய். பஸ் போகாத மலை. நானும் அம்மாவும் ஒரு ஞாயிறு காலைப் பூசை முடிந்து உன்னைப் பார்க்க ஏறி வந்தோம். பாதி வழியில் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்க பொண்ணுக்குப் படிக்க வேற எடமே கெடைக்கலியாங்க?" என்றாள். மேலே வந்து பார்த்தால், கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயின் ஒரு முனையை நீ பிடித்திருக்கிறாய், மறு முனையைச் சின்னப்பையன் என்கிற சாமைக்காட்டுக்காரர் பிடித்திருக்கிறார். "இன்னொரு வெரக்கட எறக்குங்கண்ணா" என்று நீ கத்துகிறாய். சரிவில் ஒரே மட்டமாகக் கல் வரப்புப் போடுவதற்காம். உன் பாவாடை முழுக்கச் செம்மண். சின்னப்பையன் என்னைப் பார்த்து, "மண்ணு ஓடறத நாங்க பொறந்ததுலருந்து பாத்துக்கிட்டுதானுங்க இருக்கோம். இந்தம்மா வந்து அதுகிட்ட நில்லுன்னு சொல்லுதுங்க, பாக்கலாம்" என்று சிரித்தார். இறங்கும்போது நீ, "இதுதாம்பா என் பரீட்ச" என்றாய். கொத்தனார் குழாய்க்கு எத்தனை மார்க் என்று நான் கேலி செய்தேன். நீ முகம் வாடினாய். அதை நான் கவனித்தேன், கவனிக்காதது போல நடந்தேன்.

அப்புறம் நீ பதிவு செய்ய வந்த நாள். மற்றவர்களைப் போல வரிசையில்தான் வருவேன் என்று பிடிவாதமாக நின்றாய். உன் முறை வந்தது. வேடிக்கையாக உன்னிடமும் கேட்டேன், "என்னம்மா தெரியும்?" நீ எம்.எஸ்சி. என்று சொல்லவில்லை. "சரிவு நிலத்துல மட்டம் பாத்து வரப்புப் போடத் தெரியும். மண்ணப் பாத்து என்ன குறைன்னு சொல்லத் தெரியும். கிணத்துத் தண்ணி எந்த மாசம் எவ்வளவு எறங்குதுன்னு கணக்கு வெக்கத் தெரியும். ஊரக் கூட்டி வெச்சுப் பேசத் தெரியும், அவங்க பேசறதக் கேக்கவும் தெரியும்" என்றாய். இருபத்தெட்டு வருஷத்தில் என் கேள்விக்குச் சரியான பதில் சொன்ன ஆளை நான் எண்ணிவிடலாம். நீ அதில் ஒருத்தி. நான் என்ன செய்தேன்? பின்னால் நிற்கிறவர்கள் காதில் விழுகிறதே என்று கூச்சப்பட்டு, "ஊரக் கூட்டிப் பேசறதெல்லாம் ஒரு தகுதியா? அத பஞ்சாயத்துத் தலைவரு எழுதிக்கட்டும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உன் படிப்புக்குப் புத்தகத்தில் எண் இல்லை. எண் இல்லாத படிப்பை 'மற்றவை' டிராயரில் போட வேண்டும் என்பது எங்கள் பழக்கம். நீ ஒரு கோடை லீவில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தாய் அல்லவா? நீ போன பிறகு உன் அட்டையில் படிப்புக் கட்டத்திலேயே அதை எழுதி, டைப்பிஸ்ட் டிராயரில் வைத்தேன். 'இதர தகுதிகள்' கட்டத்தைக் காலியாக விட்டேன். டைப்பிஸ்ட்டுக்குத்தான் கடிதங்கள் அதிகம் வரும், அதுவும் தாலுகா ஆபீஸ், கோர்ட்டு என்று பக்கத்திலேயே வரும். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. அந்தப் பட்டியல் போடுகிற வேலை என்னுடையது. மலைக் கிராமங்களில் மண்ணும் நீரும் காக்கிற ஒரு புதுத் திட்டம். பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும், சரிவு நிலத்தில் வேலை செய்து பழகியிருக்க வேண்டும், மக்களோடு உட்கார்ந்து பேசத் தெரிந்திருக்க வேண்டும். படிக்கப் படிக்க, நீ கவுண்டரில் நின்று சொன்னதை யாரோ ஒட்டுக்கேட்டு டைப் அடித்தது போல இருந்தது. கடைசி வரியில் வேலை செய்ய வேண்டிய இடம். வத்தல்மலை. எங்கள் ஆபீஸ் பின்பக்கம் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றால் தெரிகிற மலை. எந்தத் தூரத்துக்குப் பயந்து உன் அட்டையை ஒளித்தேனோ, அந்தத் தூரமே இல்லாத வேலை.

எழுந்து போய் டைப்பிஸ்ட் டிராயரைத் திறந்து உன் அட்டையை எடுத்திருக்கலாம். திறந்தேன். அட்டையில் கையும் வைத்தேன். அதில் 'இதர தகுதிகள்' காலி. இப்போது அதை நிரப்பி, டிராயர் மாற்றிப் பட்டியலில் சேர்த்தால் பார்க்கிறவன் என்ன சொல்வான்? வேலை வந்ததும் சொந்தப் பெண்ணுக்காக அட்டையைத் திருத்தினான் என்பான். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று அந்த ஆபீசில் வாய் கிழியப் பேசினவன் நான். எத்தனை பேர் கோழியும் நெய்யும் கொண்டுவந்து வாசலில் நின்றார்கள், ஒருத்தருக்கும் ஒரு அட்டையைக்கூட நகர்த்தியதில்லை. அந்தப் பெயர் போய்விடுமே என்று பயந்தேன். அட்டையை முதலில் இடம் மாற்றி வைத்ததே நான்தான், அதைச் சரி செய்வதுதான் நேர்மை என்று அப்போது புத்திக்கு எட்டவில்லை. அல்லது எட்டியது, நான் காது கொடுக்கவில்லை. 'மற்றவை' டிராயரில் இருந்த அட்டைகளை எடுத்துப் பட்டியல் போட்டேன். கையெழுத்தாகித் தபாலில் போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் நான் சைக்கிளைச் சாத்தும்போது வழக்கம்போல நீ வாசலுக்கு வந்தாய். வழக்கம்போலவே கேட்டாய். "ஏதாச்சும் வந்துச்சாப்பா?" நான் பூட்டைப் போடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். "இல்ல கண்ணு. வரும்" என்றேன். நீ என் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டு, "வரலன்னா என்னப்பா, உங்களுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போவுது?" என்று என்னைத் தேற்றினாய். உன் வேலையைத் தொலைத்துவிட்டு வந்தவனுக்கு உன் கையாலேயே காப்பி கலந்து கொடுத்தாய். அந்தக் காப்பியை நான் குடித்தேன்.

அதற்குப் பிறகு நாலு மாதத்தில் நீ பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பார்த்து எழுதிப் போட்டு, இதே மண் காக்கிற வேலைக்கு ராஜஸ்தானுக்குக் கிளம்பிவிட்டாய். பெங்களூர் பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டபோது அம்மா கேழ்வரகு மாவு மூட்டையை உன் மடியில் திணித்து, "அந்த ஊர்ல களி கெடைக்காது, கெடைச்சாலும் உப்பு பத்தாது" என்று அழுதாள். நான் அழவில்லை. அழுதால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயம். பஸ் போன பிறகு அம்மா கேட்டாள், "இந்த ஜில்லாவுல இத்தன ஆபீஸ் இருக்குதே, எம் புள்ளைக்கு ஒரு நாற்காலி இல்லாமப் போச்சுங்களா?" நான் அவளுக்கு வெற்றிலை வாங்கப் போகிறேன் என்று நகர்ந்துவிட்டேன். அவள் வெற்றிலை போடுவதே இல்லை.

இரண்டு கிறிஸ்துமஸ் வந்துபோய்விட்டன. நீ வரவில்லை. அங்கே அப்போதுதான் வேலைக்கு ஏற்ற காலம், மண் வேலைக்கு ஆள் கிடைக்கிற காலம் என்று எழுதினாய். நட்சத்திரம் கட்ட இன்னும் நீதான் ஏணியில் ஏற வேண்டும் என்று அம்மா அதைக் கட்டாமலே வைத்திருக்கிறாள். சாப்பாட்டு வேளையில் நாம் மூன்று பேரும் உட்காருகிற மாதிரியே இன்னும் தள்ளி உட்காருகிறோம், நடுவில் உன் இடம் அப்படியே இருக்கிறது. இதையெல்லாம் நான் கடிதத்தில் எழுதியதில்லை. எழுத எனக்கு உரிமை இல்லை என்று தோன்றும். ஆபீசில் மத்தியானம் பின்பக்கம் போய் அந்த மலையைப் பார்த்துவிட்டு வருவேன். நீ அங்கே இருந்திருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் செம்மண் பாவாடையோடு இறங்கி வந்து, கையைக்கூடக் கழுவாமல் தட்டின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மா திட்டியிருக்க வேண்டும். அந்தத் திட்டைக் கேட்க எனக்கு எவ்வளவு ஏக்கமாக இருக்கிறது தெரியுமா?

போன மழைக்குப் பிறகு சின்னப்பையன் சந்தைக்கு இறங்கியவர் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். ஒரு படி சாமை கொண்டுவந்திருந்தார். "மண்ணம்மா வூட்டுல இல்லீங்களா?" என்றார். உனக்கு அங்கே அந்தப் பெயர் என்று அன்றுதான் தெரிந்தது. நீ போட்ட வரப்பு நிற்கிறதாம். அதற்கு மேல்பக்கம் ரெண்டு விரற்கடை மண் சேர்ந்து, அதில் சாமை முழங்கால் உயரம் வந்ததாம். புதுத் திட்டம் வந்ததே, அந்த ஆள் எப்படி என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்கவில்லை. "வந்தாருங்க. நல்ல பையன்தான். மண்ணு தெரியும், எங்களத் தெரியலீங்க. வரப்புப் போடறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா, அந்தப் பக்கம் மாடு எறங்கற வழின்னு சொல்லியிருப்போம். மாடு மிதிச்சே வரப்பு போச்சு. ஆறு மாசத்துல அவரும் ஓசூரு பக்கம் வேலன்னு போயிட்டாருங்க. நம்ம மண்ணம்மாவ ஏங்க கூப்புடல?" நான் சாமையை வாங்கி, பாத்திரத்தில் கொட்டுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஆகவே உன் குறிப்பில் நீ எழுத வேண்டியதை நான் இப்படிச் சொல்வேன். நான் ஒரு குமாஸ்தா, எனக்குக் கொள்கை எழுதத் தெரியாது. உங்கள் படிப்புக்கு வேலை இல்லை என்பது பொய். மலையில் மண் போய்க்கொண்டே இருக்கிறது, கிணறு வற்றிக்கொண்டே இருக்கிறது, வேலை அங்கே மலை மலையாகக் கிடக்கிறது. அந்த வேலைக்கும் உங்கள் படிப்புக்கும் நடுவில் என்னைப் போல ஒருத்தன் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் புரிகிற பாஷையில், இந்தப் பெண்ணுக்கு என்ன செய்யத் தெரியும் என்று பட்டத்தோடு சேர்த்துப் பல்கலைக்கழகமே எழுதிக் கொடுத்து முத்திரை போடட்டும். அப்போது அவன் கூச்சப்பட்டுக் காலியாக விட முடியாது. அந்த ஒரு பருவ மலை வேலையை ஓரத்தில் வைக்காமல் படிப்பின் நடுவில் வைக்கட்டும். ஆள் எடுக்கிறவர்களை முன்கூட்டியே கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொல்லட்டும். சின்னப்பையன் மாதிரி ஓர் ஆளையும் மார்க் போடக் கூப்பிட்டால் தப்பில்லை. அவர் போட்ட மார்க்குதான் கடைசியில் சரியாக இருந்தது.

இதை அம்மாவிடம் நேற்று முன்தினம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "இருவத்தெட்டு வருசமா ஊரார் புள்ளைங்களுக்கெல்லாம் கட்டம் நெரப்புனீங்களே. நம்ம புள்ளைக்கு ஒரு கட்டம் நெரப்பக் கை வரலீங்களா?" அவ்வளவுதான் கேட்டாள். அதோடு பேச்சு நின்றது. நேற்று ஆபீசரிடமும் சொன்னேன். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவன், இப்போது போய் இதைச் சொன்னால் மெமோ வருமோ, பென்ஷன் நிற்குமோ என்று பயம்தான், ஆனாலும் சொன்னேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அந்தப் படிப்பை எந்த டிராயர்ல வெக்கணும்னு புத்தகமே சொல்லல சார். இதுல தப்புன்னு ஒண்ணும் இல்லியே, போங்க" என்றார். என்னை யாராவது திட்டுவார்கள் என்று போனேன். ஆபீஸ் விதி என்னை விட்டுவிட்டது. நீயாவது விடாதே, கண்ணு. கோபப்படு. ரெண்டு பக்கத்துக்குத் திட்டி எழுது. நீ என்னைத் தேற்றி எழுதினால்தான் என்னால் தாங்க முடியாது.

உன் நாலாவது கேள்விக்குப் பதில்: ஒன்று. ஒரே ஒரு கடிதம் வந்தது, அது உனக்கு வந்தது. குறிப்பில் அப்படியே எழுது. குமாஸ்தா யார் என்று கேட்டால் அதையும் சொல்.

இன்னொரு விஷயம். அடுத்த மாதத்தோடு உன் பதிவுக்கு மூன்று வருஷம் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் அட்டை செத்துப்போகும், நீ பதிந்த தேதியும் அதோடு போகும். தகுதிகளைத் திருத்துகிற படிவம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். மற்ற எல்லாவற்றையும் நான் நிரப்பிவிட்டேன். அந்தக் கட்டத்தை மட்டும் தொடவில்லை, அதை நீ உன் கையால் எழுது, இடம் போதாவிட்டால் தனித் தாள் வைத்துக்கொள். கவுண்டரில் எல்லாரிடமும் நான் ஒரே பல்லவிதான் பாடுவேன், புதுப்பிக்க நேரில் வர வேண்டும் என்று. உனக்கும் அப்படியே எழுதிவிடலாம் என்று இந்தப் பேனா ரொம்ப நேரமாகத் துடிக்கிறது. எழுதினால் நீ நம்புவாய், லீவு போட்டுக்கொண்டு வருவாய், அம்மா நட்சத்திரத்தைத் தூசி தட்டுவாள், நான் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பேன்.

தபாலிலும் அனுப்பலாம், கண்ணு.

உன் அப்பா